ஓலை வாசித்த ஞாயிறுகளில் நான் சொல்லாதது

என் மகளின் நெஞ்சைப் பற்றி அவளுக்குத் தெரியவேண்டிய ஒன்றை நான் மறைத்துவிட்டேன். இரண்டு ஆண்டுகளாகிவிட்டன. இன்னும் மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் நுரையீரல்களின் உச்சியில் காற்றுக் கொப்புளங்கள் இருக்கின்றன. பிறவியிலேயே வந்தவை. அந்த ஜூலை மாதத்தில் அவற்றில் ஒன்று உடைந்து, ஒரு பக்க நுரையீரல் சுருங்கி, விலாவில் குழாயோடு கிடந்தேன். இது குடும்பத்தில் தொடரக்கூடும், மகளுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றார் மருத்துவர். தலையாட்டினேன்.

பெங்களூரிலிருந்து ஓடிவந்த பியூலாவிடம், "நிமோனியா... நீர் கோத்துக்கிச்சு, அதான் குழாய்" என்றேன். என் ஒரே பிள்ளையிடம்!

ஏன் என்று கேட்பீர்கள். இதே மராட்டிய நகரத்தின் வானவடிப் பகுதியில் அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம் அது. பெண்ணின் தாய் இருமினாலும் விசாரிக்கிற ஜனம் நாங்கள். சம்பந்தியம்மா ஆப்பிளும் மாதுளையுமாக கேம்ப் பகுதியிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"கேக்கேன்னு தப்பா நெனைக்காதீங்க மைனி. பரம்பரையா ஒண்ணும் இல்லியே?"

"சேச்சே! மழைக்காத்து ஒத்துக்கல மைனி."

"அதானே! இந்த ஊரு மழைக்கு கல்லுக்கே சளி பிடிக்கும்."

இருவரும் சிரித்தோம். சிரித்தபோது விலா வலித்தது.

பிறகு கோயிலில் மூன்று ஞாயிறுகள் திருமண ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர் சொல்லலாம் என்று போதகர் நிறுத்துவார். அந்த நிசப்தத்தில் மின்விசிறிகள் மட்டும் சுழலும். என் கொப்புளங்கள் ஒரு தடையா? இல்லை, சட்டப்படி இல்லை... ஆனாலும் ஒவ்வொரு முறையும் சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. எங்கள் சபையின் வரலாற்றை எழுதிவருகிறவள் நான். எந்த ஞாயிறு மழை பெய்தது, யார் எந்தப் பாடம் வாசித்தார் என்றெல்லாம் தேதியோடு குறிப்பேன். அந்த மூன்று ஞாயிறுகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

திருமணத்துக்குப் பின் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். பின்பு எப்போது? முதல் தீபாவளி, முதல் கிறிஸ்துமஸ்... நாள்கள் மெத்தென்று நகர்ந்தன.

மதியங்களில் கண்மூடிப் படுத்திருப்பேன். எனக்குள் ஒரு மரம் தலைகீழாக வளர்வதுபோலவும், அதன் நுனிக் கிளைகளில் கண்ணாடிப் பழங்கள் மெல்ல ஆடுவதுபோலவும் தோன்றும். மாடியேறி மூச்சு வாங்கும்போதெல்லாம் நாள்பட்ட நோயாகிவிடுமோ என்று அஞ்சுவேன். ஆக்சிஜன் உருளையோடு, சன்னலோரம், பல ஆண்டுகள்... அந்த அச்சத்திலும் என்னை மட்டுமே நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சென்ற டிசம்பரில் பியூலாவும் மாப்பிள்ளையும் தார்கர்லிக் கடற்கரைக்குப் போனார்கள். காலையில் அவள் அழைத்தாள். பின்னால் அலையும் மராத்திக் கூச்சலும்.

"அம்மா, கடலுக்குள்ள டைவ் பண்ணப் போறோம்! இங்க டைவ் கத்துக்குடுக்கிற அண்ணன் கேக்குறார், வீட்டுல யாருக்காவது நுரையீரல் ப்ராப்ளம் உண்டான்னு. இல்லதானே?"

ஆழத்திலிருந்து மேலே வரும்போது உள்ளிருக்கும் காற்று விரியும். கொப்புளம் இருந்தால் உடையலாம். இதை நான் படித்திருக்கிறேன்! அப்போது போனில் சம்பந்தியம்மாவின் குரல்: "மைனி, நானும் வந்திருக்கேன்! எனக்குத்தான் தண்ணியப் பாத்தாலே தலை சுத்துது!"

"இல்லட்டி," என்றேன். "ஆனா கடலெல்லாம் வேண்டாமே... எனக்குப் பயமா இருக்கு."

"அரே அம்மா! டென்ஷன் மத் லோ, பயப்படாதீங்க!" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

மறுபடி அழைத்திருக்கலாம். போன் கையிலேயே இருந்தது. நான் செபித்தேன். செபம் எவ்வளவு வசதியானது!

அவள் நலமாக மேலே வந்தாள். அவளுக்குக் கொப்புளங்கள் இல்லையோ, அல்லது இருந்தும் அன்று பொறுத்துக்கொண்டனவோ... எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை அடைத்தவளே நான்தான்.

போன ஞாயிறு வந்திருந்தாள். சோபாவில் என் மடியில் தலைவைத்துப் படுத்தாள். அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா அப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"அடுத்தது அந்தமான். அங்க இன்னும் ஆழமாப் போகலாமாம்!"

சொல்ல வாய் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன்...

"காப்பி போடட்டுமா?" என்று கேட்டேன்.