மாத்தேரானில் இரண்டாவது சுற்று

யுத்த பயத்தில் மனைவியையும் மகளையும் பாலக்காட்டுக்கு அனுப்பிவிட்டேன். பம்பாய் மாதுங்கா அறையில் இருப்புக் கொள்ளாமல் இன்று தனியாக மாத்தேரான் மலைக்கு வந்திருக்கிறேன். உச்சிக் காட்டைச் சுற்றிவரும் செம்மண் பாதையில், பின்னால் வரும் குதிரைக்காரர் தன் குதிரையைத் தமிழில் அதட்டுகிறார். திரும்பிப் பார்க்கிறேன்.

"நீங்க தமிழா?"

"திருநெல்வேலிப் பக்கம், ஐயா. நம்ம பேச்சக் கேட்டு எத்தன நாளாச்சி!"

சவாரிக்குக் கூப்பிடாமல், பேசிக்கொண்டே கூட நடக்கிறார். மூடுபனியில் பள்ளத்தாக்கு மறைந்திருக்கிறது. புறப்பட்ட இடத்துக்கே பாதை வந்து சேர்கிறது. மலையிலிருந்து இறங்கும் கடைசி ரயில் ஊதுகிறது.

"வீட்ல தேடுவாங்கல்லா?"

"ஆத்துல யாரும் இல்லே."

அவர் குதிரையின் கழுத்தைத் தடவுகிறார்.

"அப்ப இன்னொரு சுத்து போவமா ஐயா?"

நாளை ஆபீஸ் இருக்கிறது. ரயில் நகரும் சத்தம் கேட்கிறது. இருவரும் மறுபடி காட்டுக்குள் நடக்கிறோம்.