விட்டுவைத்த ஒரு தட்டல்

ஆஸ்பத்திரியில் அந்த அறைக்குள் போனவர்கள் அழாமல் வெளியே வருவதில்லையாம். யாரோ சொன்னதை அண்ணனோடு வேலை பார்த்தவரின் மனைவி அண்ணியிடம் சொல்ல, அண்ணி போனில் என்னிடம் சொன்னார்.

"மேளத்தைக் குடுத்து அடிக்கச் சொல்றாங்களாம். ஒருத்தருக்கு இருந்த பேச்சும் போயிடுச்சாம். அங்கதான் உங்க அண்ணனையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க தம்பி."

அண்ணனுக்கு இனிப் போவதற்குப் பேச்சு இல்லை. மூளையில் ரத்தக்குழாய் அடைத்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக், அதற்கு முன் வேலை இடத்தில் வாய் மூடியவரும் இல்லை. யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டு அலறினால் கதவுக்கு வெளியே நின்று தட்டுவார். "நான் ஒண்ணு தட்டினா நீங்க ஒண்ணு தட்டணும், சரியா?" உள்ளிருந்து தட்டல் வந்துகொண்டிருக்கும்வரை ஆள் தெளிவாக இருக்கிறார் என்று அர்த்தம். வராவிட்டால் அவருக்கே முகம் வெளுத்துவிடும்.

பயம் தாங்காமல் விடுப்பெடுத்து விமானம் ஏறினேன்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் அந்த அறை. ஒரு கீபோர்டு, இரண்டு மேளம், ஜன்னலில் கனத்த திரை. இசை சிகிச்சை தரும் பெண் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, காத்திருந்தார். அண்ணனின் இடது விரல் சக்கர நாற்காலியின் கையை ஒருமுறை தட்டியது. உடனே அந்தப் பெண்ணும் மேளத்தில் ஒன்று தட்டினார். அண்ணன் இரண்டு. அவர் இரண்டு. பிறகு அண்ணன் வேகமெடுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது.

"போதும், நிறுத்துங்க மேடம்!" என்றேன்.

"அவர் நிறுத்தலையே சார்."

தாளம் முடியும் இடத்தில் கடைசித் தட்டலை அந்தப் பெண் வேண்டுமென்றே விட்டுவைத்தார். அண்ணனின் விரல் மேலே எழும்பியது. பக்கத்தில் நின்ற அண்ணிக்குப் பொறுக்கவில்லை. சட்டென்று கை நீட்டி, அந்த ஒற்றைத் தட்டலை நாற்காலியில் தானே தட்டிவிட்டார்.

அண்ணன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். கை மடியில் விழுந்தது.

"அது அவரோட இடம்மா" என்றார் அந்தப் பெண், மெதுவாக.

அழுதது அண்ணிதான். "என் கையை ஒடிச்சுப் போடணும். கல்யாணம் ஆனதுலேர்ந்து இவர் சொல்ல வர்றதை நானே சொல்லி முடிச்சுப் பழகிட்டேன்."

அதன்பின் அண்ணன் விரலை அசைக்கவே இல்லை. இப்படியே இருந்தால் சிகிச்சையை நிறுத்திவிடலாம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். கிளம்புமுன் லிஃப்ட் கதையை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"உங்க ஊருக்குப் போய் அண்ணன் வீட்டுக்குப் போன் பண்ணுங்க. போன் அவர் மடியில இருக்கட்டும். எடுத்தார்னா பேசாதீங்க. ஒரு தட்டு தட்டுங்க, போதும்."

"எடுக்கலன்னா?" என்றார் அண்ணி.

"அப்பவும் நீங்க எடுக்கக் கூடாதும்மா. பக்கத்து ரூம்ல இருங்க."

"இருந்துடுவேன்" என்ற அண்ணி, சேலைத் தலைப்பில் இரண்டு கைகளையும் சுற்றிக்கொண்டார்.

இப்போது என் ஊரில் மேசைமுன் உட்கார்ந்திருக்கிறேன், தட்டுவதற்கு விரலை மடக்கி வைத்தபடி. அண்ணன் மடியில் இருக்கும் போனுக்கு மணி அடிக்கிறது. அவர் கை எட்டவில்லையோ, நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாரோ, கேட்டும் வேண்டாம் என்று இருக்கிறாரோ. அண்ணியாவது எடுத்துத் தொலைக்கட்டும் என்று ஒரு மனம். ஐயோ, எடுத்துவிடக் கூடாதே என்று இன்னொன்று.

மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.