துபாயிலிருந்து நாலே மணி நேரம்

பூந்தமல்லியில் நான் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத் வைத்திருந்த காலம். பக்கத்து வீட்டு டெய்லர் பாய் ஒரு சித்திரை மாதக் காலையில் மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகன் துபாயில் வேலையில் இருந்தான். என் பூத்திலிருந்துதான் அவனுக்குத் தகவல் சொன்னோம். "வந்துர்றேன், அதுவரிக்கும் வெச்சிருங்க" என்று கதறினான்.

மதியத் தொழுகையோடு அடக்கம் செய்துவிடலாம் என்றார்கள் பெரியவர்கள். நான்தான் குறுக்கே விழுந்தேன். "துபாய் இன்னா பெரிய தூரம்? பிளேன்ல நாலே மணி நேரம். சாயங்காலம் வந்து நிப்பான்." விமானத்தில் கால் வைக்காத எனக்கு அவ்வளவு தெனாவட்டு. என் பேச்சை நம்பி எல்லோரும் காத்திருந்தார்கள்.

சாயங்காலமும் போனது. ஐஸ் பாரை மாற்றி மாற்றி வைத்தோம். மறுநாள் காலையில்தான் அவன் போன் வந்தது.

"அண்ணே, பாஸ்போர்ட் முதலாளிகிட்ட கீது. அவரு ஊர்ல இல்ல. எடுத்துடுங்க."

அதை நானேதான் போய்ச் சொன்னேன். பாயம்மா என்னைத் திட்டவில்லை. "மண்ணுக்குப் போக வேண்டியவரை இந்த வெக்கையில ஒரு நாள் பூரா காக்க வெச்சிட்டோமேப்பா" என்றார்.

இப்போதும் எந்த ஊருக்குப் பிளேனில் எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால், "முதல்ல ஏறட்டும், அப்புறம் சொல்றேன்" என்பேன்.