வெள்ளைப் பூ வந்த வருஷமும் எங்கள் அண்ணனும்

அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மாசியோடு ஒரு வருஷம் நிறைகிறது. திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களாகிய நீங்கள் இதில் நல்லதையே எதிர்பார்ப்பீர்கள். அண்ணனைப் பற்றி நல்லது எழுத எனக்கு ஒரு சிரமமும் இல்லை. மற்றவர்களைப் பற்றி எழுதத்தான் சிரமமாக இருக்கிறது.

எருமப்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊரில் பிறந்தவர் அண்ணன். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு நான்கு. எட்டு ஏக்கர் மானாவாரிக் காட்டையும், ஒரு கிணற்றுத் தோட்டத்தையும், அம்மாவையும், என்னையும் அந்த வயதிலேயே தலையில் தூக்கிக்கொண்டார். தங்கையான என்னைக் கரையேற்றிய பிறகே தனக்குக் கல்யாணம் என்று வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்தார்.

நாமக்கல் மண்டிக்கு ஊரார் எல்லோரும்தான் வண்டி கட்டினார்கள். சரக்கைப் போட்டுவிட்டு அவர்கள் திரும்பிவிடுவார்கள். அண்ணன் மட்டும் அங்கேயே நிற்பார். எந்தெந்த ஊரிலிருந்து எத்தனை வண்டி வந்தது, மண்டிக்கார பாய் சரக்கை எங்கே அனுப்புகிறார், எங்கிருந்து கேட்டு ஆள் வருகிறது என்று விசாரித்துக்கொண்டிருப்பார். அவர் படித்த படிப்பு அதுதான்.

ஆடிப் பட்டத்துக்கு முன்பு அம்மன் கோயிலில் பூ கேட்பது எங்கள் ஊர் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூ ஒரு பொட்டலத்திலும் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் கடலைக்காய், சிவப்பு வந்தால் சோளம். எது வந்தாலும் ஊர் முழுக்க அதையே விதைக்க வேண்டும்.

கடலைக்காய் நல்ல விலைக்குப் போன வருஷத்துக்கு அடுத்த ஆடியில் வெள்ளைப் பூ வந்தது. ஊருக்கு ஒரே கொண்டாட்டம். ஊர்ப் பெரியதனம் எங்கள் பெரியப்பா கையில் இருந்தது. அவரிடம் போய் அண்ணன் பணிவாகவே சொன்னார்.

"போன வருஷம் காய் கம்மிங்க பெரியப்பா, அதனாலதான் வெலை ஏறுச்சு. இந்த வருஷம் சுத்துப்பட்டி பூராமும் அதையேதான் போடறாங்க. எல்லாருமே போட்டா ஆருங்க வாங்குவா?"

"ஆத்தாளுக்குத் தெரியாத வெலை உனக்குத் தெரிஞ்சுபோச்சா?" என்றார் பெரியப்பா. கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களில் பலர் இன்று இந்த மலரை வாசிக்கிறீர்கள்.

அண்ணன் எட்டு ஏக்கரிலும் சோளம் விதைத்தார்.

கார்த்திகையில் காய் பிடுங்கி வண்டி வண்டியாக மண்டிக்குப் போனார்கள். அங்கே சாலை வரைக்கும் வண்டிகள் நின்றன. சீமையிலும் வாங்க ஆளில்லை என்று துறைமுகத்திலிருந்து செய்தி வந்திருந்தது. "மலையாட்டம் கெடக்குதுங்க, இன்னும் கொண்டாந்தா எங்கே கொட்டறது?" என்று பாய் கையை விரித்துவிட்டார். சுற்று வட்டாரத்தில் யாரும் சோளம் போடாததால் சோள விலை கிடுகிடுவென்று ஏறியது. காயைக் கிடைத்த விலைக்குத் தள்ளிய கையோடு கஞ்சிக்குத் தானியம் வாங்க வேண்டிய நிலை ஊருக்கு. மண்டியில் இரட்டிப்பு விலை கிடைக்கும் என்று தெரிந்தும், அண்ணன் தன் சோளத்தைப் போன வருஷத்து விலைக்கே ஊராருக்கு அளந்தார்.

அந்தச் சோளத்தைத் தின்றுகொண்டே ஊர் கூடிப் பேசியது. விலை ஏன் இறங்கியது? ஒருவன் அம்மன் வாக்கை மீறினான், அதனால் இறங்கியது! அண்ணன் கோயில் வாசலில் விழுந்து குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார் பெரியப்பா.

"வெலை மண்டியில எறங்குச்சுங்க. அதுக்கு நான் எதுக்குங்க உளுவோணும்?" என்று அண்ணன் மறுத்துவிட்டார்.

எனக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பேச்சு பள்ளிபாளையம் வரை போய், சாமி குத்தம் இருக்கிற வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். நான் சாப்பிடாமல் கிடந்தேன். மூன்றாம் நாள் அண்ணன் சோற்றுத் தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"எந்திரிச்சு ஒரு வாய் சாப்புடு சாமி."

"ஒரு வார்த்தை சொன்னா உங்க நாக்கு தேஞ்சா போயிரும்? உங்க கெடாப்புடியில என் பொழப்பு போவுதுங்ண்ணா" என்றேன்.

மறுநாள் காலை அவர் கோயில் வாசலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "என்னாலதான் வெலை எறங்குச்சு. இனி பூ வாக்கை மீற மாட்டேன்" என்று ஊரறியச் சொன்னார். என் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது.

அடுத்த ஆடியில் சிவப்புப் பூ வந்தது. ஊர் முழுக்கச் சோளம். என்ன ஆகும் என்று அண்ணனுக்குத் தெரியும். வாக்குக் கொடுத்துவிட்டதால் வாயைத் திறக்காமல் தோட்டத்தில்கூடச் சோளமே போட்டார். சோளம் குவிந்தது, விலை விழுந்தது. கடனுக்குக் கிணற்றுத் தோட்டம் கைவிட்டுப் போயிற்று. அடுத்த வருஷம் காடும் போயிற்று. அந்த முறை யார் செய்த குற்றத்தால் விலை இறங்கியது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

நிலமில்லாதவருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அம்மாவும் போன பிறகு பாய் மண்டியில் எடை போடுகிற வேலைக்குப் போய், ஒண்டிக்கட்டையாகவே காலத்தைத் தள்ளினார். பர்மா அரிசி நின்றுபோன யுத்த நாளில் உறவினர்களான நீங்கள் தானியத்துக்கு அவரிடம்தான் வந்து நின்றீர்கள். யாரையும் வெறும் பையோடு அவர் அனுப்பவில்லை.

போன மாசியில் அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்ண்ணா" என்றேன். "உனக்கு வேண்டியிருந்துச்சு சாமி, எங்கிட்ட இருந்துச்சு, குடுத்தேன். அதைப் போயி இப்பப் பேசிக்கிட்டு" என்று திரும்பிப் படுத்தார். மறுநாள் போய்விட்டார்.

நன்றி சொல்வது முறை. அண்ணன் காய்ச்சலில் கிடந்த பத்து நாளும் கஞ்சி அனுப்பிய பாய் வீட்டு அம்மாவுக்கு நன்றி. அறுப்பு நேரம், வர முடியவில்லை என்ற பதிலோடு, ஊருக்குச் சாவு சொல்லப் போன ஆள் திரும்பி வந்தபோது, என் வீட்டுக்காரரோடு பாடைக்குத் தோள் கொடுத்த மண்டி மூட்டைக்காரர்கள் இருவருக்கும், நான்காவது தோளான பாய்க்கும் நன்றி. இன்று சாப்பாட்டுக்கு நேரத்தோடு வந்திருக்கும் உங்களுக்கும் நன்றி.

அண்ணனால் விலை இறங்கவில்லை. அவர் விழுந்து கிடந்த அன்றே கோயில் வாசலில் நின்று இதை நான் சொல்லியிருக்க வேண்டும். நான் கூறைப் புடவை எடுக்கப் போயிருந்தேன்.