மாட்டு வைத்திய அலமாரி

என் அண்ணி முப்பத்தெட்டு வயதில் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தார். கூடப் படிப்பதெல்லாம் சின்னஞ்சிறுசுகள். இரண்டாம் வாரம் ஊர்ப் பொது நூலகத்தில் நூலகர் எல்லோருக்கும் புத்தகம் தேடக் கற்றுக்கொடுத்தார்: கணினியில் தலைப்பைத் தட்டு, எண்ணைக் குறி, அலமாரியில் அந்த எண்ணைத் தேடு. மற்றவர்கள் கொட்டாவி விட, அண்ணி மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரே மாதத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்து வருவார். வீட்டில் அண்ணனின் மூக்குக் கண்ணாடியைக் கண்டுபிடிக்கத்தான் துப்பில்லை.

மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டியதில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டிருந்தார். புதன்கிழமை மறுபடி. அதிலும் தவறினால் படிப்பே போச்சு. பாடம், பின்னம். காகிதம் மடித்துப் பின்னம் சொல்லித்தரும் கையேடு நூலகத்தில் ஒன்றே ஒன்று, வெளியே தரமாட்டார்கள். கைப்பேசியையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சனிக்கிழமை அந்தக் கையேடு கையில் கிடைத்தபோது மூடுகிற நேரம்.

இன்னும் நாலு பேருக்குப் பின்னம்தான். அண்ணி சுற்றுமுற்றும் பார்த்தார். மாட்டு வைத்திய அலமாரிப் பக்கம் ஈ காக்கை வராது. அங்கே தடித்த புத்தகங்களுக்குப் பின்னால் சொருகிவிட்டு வந்துவிட்டார். இதை என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

ஞாயிறு நூலகம் விடுமுறை. திங்களன்று கல்லூரியில் விடவில்லை. செவ்வாய்க்கிழமை போனால் அலமாரியே காலி.

"யாருமே எடுக்காத புத்தகங்க, இடத்ததான் அடைக்குது. நேத்து மூட்டை கட்டி காகித ஆலைக்கு ஏத்தி விட்டுட்டோம்," என்றார் நூலகர். "உங்களுக்கு மாட்டு வைத்தியம் எதுக்குங்க?"

"சும்மாதான்."

திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. வாயைத் திறந்தால் கல்லூரிக்குக் கடிதம் போகும்.

அந்த நேரம் பார்த்து, கூடப் படிக்கும் பெண் ஒருத்தி அதே கையேட்டைக் கேட்டு வந்தாள். நூலகர் கணினியைப் பார்த்தார்.

"உள்ளதான் இருக்கு. உங்களுக்கெல்லாம் தேடத் தெரியல. இந்த அக்காவ கூட்டிட்டுப் போ, நிமிஷத்துல எடுத்துக் குடுப்பாங்க."

அண்ணி போனார். வேறென்ன செய்வார்? இருவருமாகக் கணக்கு அலமாரியைத் தட்டுத் தட்டாகத் துழாவினார்கள்.

"எனக்கும் நாளைக்குத்தான்க்கா. கையும் ஓடல, காலும் ஓடல," என்றாள் அந்தப் பெண்.

அண்ணி சொல்லிவிட வாயெடுத்தார். அதற்குள் அவள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேளை, நீங்க இருக்கீங்க."

அண்ணி மேல் தட்டிலிருந்து மறுபடி எண்களைப் பார்க்கத் தொடங்கினார்.