பஸ்ஸில் நான் சொன்ன வைத்தியம்

எழுதவே கூச்சமாக இருக்கிறது, மன்னியுங்கள்.

இன்று நீடாமங்கலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அக்காவின் தம்பிக்கு இதயம் மாற்ற வேண்டுமாம். மாற்று இதயம் கிடைத்து ஆஸ்பத்திரியில் கூப்பிட்டவுடன் போக வேண்டும் என்பதால், தம்பி சென்னையில் அதன் அருகே அறை எடுத்துக் காத்திருக்கிறார்.

“இப்ப தஞ்சாவூர்லயே இந்த ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி தொறந்துட்டாங்களாமே. படிச்ச புள்ள, நீ சொல்லும்மா, எங்க செஞ்சா நல்லது?”

“கிட்ட இருக்கறதுதான் நல்லதுக்கா.”

உடனே தம்பிக்குப் போன் போட்டார். “டேய், ரூமைக் காலி பண்ணிட்டு வாடா. படிச்ச புள்ளயே சொல்லுது!” எனக்கு நன்றி சொல்லி நம்பரும் கொடுத்தார்.

நான் படித்தது பி.காம். அதைச் சொல்லாமலே நம்பரை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். புது இடத்தில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள், அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்ற கேள்வியே இறங்கிய பிறகுதான் தோன்றியது.

இப்போது போன் செய்து, “எனக்குத் தெரியாதுக்கா” என்று சொல்லப் போகிறேன். கூடவே சொல்ல ஒரு சரியான பதில் உங்களில் யாருக்காவது தெரியுமா?