முதல் நாள் மொட்டை

எடுத்த எடுப்பிலேயே 'நீ ஆணா பெண்ணா' என்று கேட்கிற கம்ப்யூட்டர் அரட்டைக்காக எங்கள் விளையாட்டை விட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. போன மாதம் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் செல்போனில் எதையோ படித்துவிட்டு, அந்தக் காலத்துத் துப்பாக்கி விளையாட்டுகளெல்லாம் ஏன் இப்போது சீந்த ஆளில்லாமல் கிடக்கின்றன என்று பொதுவாகக் கேட்டார். ஊரே விளையாடிய தொடராம், பாகம் பாகமாக வந்ததாம், புதுசு புதுசாக வேறு மோகம் வந்ததும் காற்றோடு போய்விட்டதாம். அவருக்கு அது டீ குடிக்கும் நேரத்துப் பேச்சு. எனக்கு அப்படியில்லை. உங்களுக்கு என்ன தெரியும் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் இரண்டாம் பாதியில் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், பாத்திரக் கடைக்கு மேல் மாடியில், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் டீச்சராக இருந்தேன். ஏ.சி. அறை ஒன்று, உள்ளே ஆறு மிஷின். கல்லூரி முடித்தவள் மாப்பிள்ளை அமையும் வரை வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அப்பா அனுப்பிவைத்தார். டவுனிலிருந்து பஸ் ஏறி ஆற்றைத் தாண்டி வருவேன். இரவு ஏழரைக்குள் வீட்டுப் படி ஏறிவிட வேண்டும் என்பது அம்மா போட்ட கோடு.

வகுப்புகள் ஆறு மணிக்கு முடியும். ஆறிலிருந்து ஏழு வரை நாலு மிஷின்களைக் கேபிளில் கோர்த்து விளையாட விடுவார் முதலாளி. மணிக்கு இவ்வளவு என்று அவருக்கு வரும்படி. எனக்கு இலவசம், நான் டீச்சர் என்பதால். இருண்ட நடைபாதைகளில் துப்பாக்கியோடு ஓடி ஒருவரை ஒருவர் சுட வேண்டும். செத்தால் அடுத்த நொடி வேறொரு மூலையில் எழுந்துகொள்ளலாம். நான் சேர்ந்தபோது அந்தத் தொடரின் இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. என்னோடு நிரந்தரமாக மூன்று பேர்: சட்டக் கல்லூரி மாணவன் ஒருவன், மருந்துக் கம்பெனி பிரதிநிதி ஒருவர், வள்ளியூரில் விதைக்கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி. அண்ணாச்சி சரக்கு எடுக்க வாரத்தில் மூன்று நாள் பாளைக்கு வருவார். ஒரு கட்டத்தில் சரக்கே எடுக்காமலும் வந்தார்.

ஆளுக்கொரு நிறம். நான் பச்சை. முதல் நாள் நான் கடைசி மிஷினில் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது சட்டக் கல்லூரிக்காரனுக்குத் தெரியாது. நாலு முறை தொடர்ந்து என்னிடம் செத்துவிட்டு, "யாருலே அந்தப் பச்ச? ஒளிஞ்சு ஒளிஞ்சுல்லா அடிக்கான்" என்றான்.

ஆம்பளைகள் தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்ளும் அந்த 'லே'யை நான் வீடு வரைக்கும் கொண்டுபோனேன். என்னை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மாதம் ஒருமுறை பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் காபித் தட்டோடு நிற்பேன். நிறம் கொஞ்சம் மட்டு என்பார்கள், உயரம் பரவாயில்லை என்பார்கள். பஸ்ஸில் பார்ப்பார்கள், கோயிலில் பார்ப்பார்கள், தெருவில் நடந்தால் இன்னார் மகள் என்று பார்ப்பார்கள். அந்த ஒரு மணி நேரம் மட்டும் நான் யார் மகளும் இல்லை. நான் பச்சை. பச்சைக்குக் கை நிதானம் உண்டு, அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அது வேண்டியிருந்தது. சோறு மாதிரி வேண்டியிருந்தது.

அதிலும் மண் விழப் பார்த்தது. ஏ.சி. அறைக்குள் தூசி போகக் கூடாது என்று செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றிப் போட வேண்டும். அந்தக் காலத்தில் எல்லா சென்டரிலும் அதுதான் சட்டம். ஒருநாள் மகளைச் சேர்க்க விசாரித்து வந்த ஒருவர், மூடிய கதவுக்கு வெளியே மூன்று ஜோடி ஆம்பளைச் செருப்புக்கு நடுவில் ஒரு ஜோடி பொம்பளைச் செருப்பைப் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, நீ விளையாடு, ஆனால் செருப்பு வெளியே தெரிய வேண்டாம் என்றார். அந்த மூன்று பேர் செருப்பு தெரிந்தால் வியாபாரம், என் செருப்பு தெரிந்தால் மானக்கேடு. மாமியார் உடைத்தால் மண்குடம், வேறென்ன. அன்றிலிருந்து செருப்பைத் தினத்தாளில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு விளையாடினேன். சோற்று டப்பாவும் செருப்பும் ஒரே பையில். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன், அந்த ஒரு மணி நேரத்துக்காக.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக ஒருவன் உட்கார்ந்தால் முதல் நாள் அவனை மற்ற மூன்று பேரும் சேர்ந்து சுட வேண்டும். மணி ஏழு அடிக்கும் வரை அவன் ஒரு புள்ளிகூட எடுக்கக் கூடாது. அதற்கு மொட்டை என்று பெயர். பிள்ளைக்கு முதல் மொட்டை குலதெய்வத்துக்கு என்றால் இங்கே எங்களுக்கு. யார் ஆரம்பித்தது என்று நினைவில்லை, எனக்கும் மூன்று பேர் சேர்ந்து போட்டார்கள். ஆனால் நான் அதற்கு முன்னால் மத்தியானங்களில் வகுப்பு இல்லாத நேரத்தில் தனியாக உட்கார்ந்து மாதக் கணக்கில் பழகியிருந்தேன். சாவி என் கையில் இருந்ததே. மொட்டை எனக்கு முழுசாக விழவில்லை. அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். இதைத் தாங்கினவன் அடுத்த நாள் வரட்டும், தாங்காதவன் போகட்டும் என்போம். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் போனார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம்.

பிறகு மூன்றாம் பாகம் வந்தது. இரண்டாம் பாகத்தில் தனியாக ஆடிப் பழக ஒரு கதை இருந்தது, கதவுகள், சாவிகள், மெதுவாக வரும் எதிரிகள் என்று. மூன்றாம் பாகத்தில் அதையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் சண்டைதான். வேகம் இரண்டு மடங்கு. எங்களுக்குக் கொண்டாட்டம். நம்மை மனதில் வைத்தே செய்திருக்கிறான் என்றார் அண்ணாச்சி. உண்மைதான். எங்களை மட்டும் மனதில் வைத்துச் செய்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி இணைய இணைப்பு வாங்கினார். ஒரே டெலிபோன் லைன், அதில் இரண்டு மிஷின். படிக்கட்டு வரை வரிசை நின்றது. வெளிநாட்டில் பிள்ளை இருக்கிறவர்கள் கடிதம் அனுப்ப வந்தார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. மீதிப் பேரெல்லாம் அரட்டைக்கு வந்தார்கள். முகம் தெரியாத ஒருவரோடு தட்டித் தட்டிப் பேசுவது. முதலில் சட்டக் கல்லூரிக்காரன் போனான். எதிரே ஒரு பொம்பளைப் புள்ளையாம், கனடாவாம். கனடாவாவது கத்தரிக்காயாவது, வள்ளியூரில் உட்கார்ந்து எவனோ மீசையை முறுக்கிக்கொண்டு தட்டுகிறான் என்றேன். அவன் கேட்கவில்லை. எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள், இங்கே வந்து யாரைச் சுட என்றான்.

அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று ஒரு மத்தியானம் நானும் உட்கார்ந்தேன். பெயர் போட்டுக்கொண்டு உள்ளே போன அரை நிமிடத்தில் வந்தது கேள்வி: வயது என்ன, ஆணா பெண்ணா, எந்த ஊர். பெண் என்று தட்டினேன். திரை முழுக்கப் பெட்டி பெட்டியாகத் திறந்துகொண்டது. எப்படி இருப்பாய், என்ன உடுத்தியிருக்கிறாய், தனியாக இருக்கிறாயா. பெண் பார்க்க வந்தவர்களாவது அம்மா போட்ட பஜ்ஜியைத் தின்றுவிட்டுக் கேட்டார்கள். ஆத்திரத்தில் மிஷினை அணைத்தேன். மறுநாள் ஆண் என்று சொல்லி உட்கார்ந்தேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதற்காகவா என்று இருந்தது.

முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். "நாலு பேரு உக்காந்தா விளையாட்டு. ஆள் கொறஞ்சா அந்த மிஷினையும் நெட்டுக்குக் குடுத்துருவேன், பாத்துக்கிடுங்க."

மருந்துப் பிரதிநிதியும் அரட்டைக்குப் போன பிறகு நானும் அண்ணாச்சியும்தான் மிச்சம். சட்டக் கல்லூரிக்காரனைக் கெஞ்சினேன். நாலாவது ஆள் கொண்டுவாருங்கள், வருகிறேன் என்றான். வகுப்பில் எல்லோரையும் கேட்டேன். ஏற்கெனவே மொட்டை வாங்கினவர்கள் தலையாட்டிவிட்டு நழுவினார்கள்.

அப்போது ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒருத்தி என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். என்னைவிட ஒரு வயதுதான் குறைவு. தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர கம்ப்யூட்டர் சான்றிதழ் வேண்டும் என்று வந்தவள். பாளையில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். விரல்கள் அவ்வளவு வேகம், தட்டச்சில் என்னையே முந்துவாள். ஒருநாள் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்று, நானும் வரலாமா டீச்சர் என்று அவளாகவே கேட்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எத்தனை வருஷம் கழித்து, அந்த ஆட்டத்தில் இன்னொரு பெண்.

அவள் வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதலாளி அன்று ஊரில் இல்லை, அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நீலம் அவளுக்கு. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், சொன்னபடி வந்திருந்த சட்டக் கல்லூரிக்காரன் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி என்னைப் பார்த்தான். அண்ணாச்சியும் பார்த்தார். பொம்பளைக்குப் பொம்பளை விட்டுக்கொடுப்பாளா என்கிற பார்வை அது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. நானா விட்டுக்கொடுப்பேன்?

முதல் குண்டு நான்தான் போட்டேன். அவள் எழுந்தாள், மறுபடியும் நான். அவள் எந்த மூலையில் எழுவாள் என்று எனக்குத் தெரியும், அங்கே போய்க் காத்து நின்றேன். முதலில் இரண்டு மூன்று முறை அவள் சிரித்தாள். பிறகு எந்தப் பட்டன் என்னவென்று கேட்டாள் என்று நினைக்கிறேன். நான் சிரித்தேன். அண்ணாச்சி, போகப்போகப் பழகிவிடும் என்று தேற்றுகிற மாதிரி, பைய வருவே தாயி, பைய வருவே என்று சொல்லிக்கொண்டே சுட்டார். ஏழு மணிக்குப் பார்த்தால் பாதிக்கு மேல் என் கணக்கு. அவளுக்குச் சுழி. சட்டக் கல்லூரிக்காரன் எழுந்து, டீச்சர் டீச்சர்தான் என்றான். அந்தப் பாராட்டில் எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் போயிருந்தாள்.

மறுநாள் அவள் வரவில்லை. வகுப்புக்கு வந்தாள், ஆறு மணி ஆட்டத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் அரட்டை வரிசையில் நின்றாள். இவளுமா என்று எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பில் அவள் கேட்ட சந்தேகத்துக்கு வேண்டுமென்றே கடைசியில் பதில் சொன்னேன். அந்த வாரமே முதலாளி கேபிளைக் கழற்றிச் சுருட்டி அலமாரி மேல் வைத்தார். அண்ணாச்சி இரண்டு நாள் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டு, மூன்றாம் நாள் வரவில்லை. ஆறு மணிக்கு மேல் நான் அங்கே இருக்கக் காரணம் ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஆறரைக்கெல்லாம் வீட்டில் இருந்தேன். அம்மாவுக்குப் பரம திருப்தி.

சான்றிதழ் வாங்க அவள் வந்த அன்று என்னால் அடக்க முடியவில்லை. அப்படி என்ன இருக்கிறது அந்த அரட்டையில், நாலு பொறுக்கிகள் ஆணா பெண்ணா என்று கேட்கிற இடம், அதற்காக ஒரு நாளோடு விட்டுவிட்டுப் போனாயே, உன்னால்தான் நின்றுபோனது என்று கத்தியே விட்டேன். அவள் சான்றிதழை மடிக்காமல் பைக்குள் வைத்தாள். அவளுக்குக் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியாதது.

"அங்கன கேக்காங்க டீச்சர். பதில் சொல்லாட்டாப் போச்சு. இங்கன நான்லா கேட்டேன், எந்தப் பட்டன்னு. மூணு தடவ கேட்டேன். நீங்க சிரிச்சீங்க."

அவள் வெளியே போய், எல்லோர் செருப்போடும் கிடந்த தன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். ஆறு மணிக்கு வகுப்பை முடித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆட்டம் நின்று ஒரு மாதம் ஆகியும் செருப்பைப் பைக்குள் வைக்கும் பழக்கம் போகவில்லை. தினத்தாளைப் பிரித்து அதை எடுத்துக் கீழே போட்டு, மாட்டிக்கொண்டு படி இறங்கினேன்.